‘ரியல்டைம் சிங்க்’ என்று பில் போட்டு எங்களுக்கு விற்றது கால்மணி நேரக் காப்பி

நூற்பாலை ஒன்றில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆலைக்குள் ஒரு ஸ்டோரேஜ் சர்வர், 4 கிலோமீட்டர் தள்ளி கிடங்கில் இன்னொன்று, நடுவில் 1 ஜிகாபிட் ஃபைபர் லைன். ஆலையில் ஒரு பதிவு எழுதப்பட்டால் அது கிடங்கிலும் எழுதப்பட்ட பிறகுதான் ‘சேவ் ஆனது’ என்று வர வேண்டும். நாங்கள் கேட்டது இவ்வளவுதான். ஒரு நிறுவனம் பில்லிலேயே ‘ரியல்டைம் சிங்க் ரெப்ளிகேஷன்’ (உடனுக்குடன் ஒத்திசையும் நகல்) என்று எழுதி, கிட்டத்தட்ட 7 லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு அமைத்துக் கொடுத்தது. அது சிங்க்கே இல்லை என்பது 9 நாள் கணக்கு காணாமல் போன அன்றுதான் தெரிந்தது.

ஆலை சர்வரின் பூல், அதாவது டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு, ரெய்டுஇசட்1 வகை: ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இரண்டு போனால் தாங்காது. ஒரு டிஸ்க் போய், மாற்று டிஸ்க் வந்து சேர்வதற்குள் இரண்டாவதும் போய்விட்டது. பூல் அவ்வளவுதான். சரி, கிடங்கில் இருக்கிறதே என்று தைரியமாகத்தான் போனேன். கடைசி டெஸ்பாட்ச் என்ட்ரி 9 நாள் பழையது. ஸ்னாப்ஷாட் (அந்தந்த நேரத்து டேட்டாவின் நிலைப் பதிவு) பட்டியலை எடுத்தால் பெயர்கள் 10.15, 10.30, 10.45 என்று வரிசையாக வந்து அப்படியே நின்றுபோயிருந்தன. அந்தக் கால்மணி நேர இடைவெளியைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

அவர்கள் போட்டிருந்தது இசட்எஃப்எஸ் என்ற ஸ்டோரேஜ் அமைப்பின் செண்ட், ரிசீவ் கட்டளைகள். ஸ்னாப்ஷாட் எடுத்து, முந்தையதிலிருந்து மாறியதை மட்டும் அடுத்த பூலுக்கு அனுப்பும். பேக்கப்புக்கு அருமையான கருவி, இன்றும் அதற்கு அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் அது ஒத்திசைவு ஆகாது. கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கருவி) 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஓட விட்டிருந்தார்கள். எல்லாம் சரியாக ஓடும் நாளிலேயே கால்மணி நேரக் கணக்கு போகக்கூடும்.

எங்களுக்கு அதுவும் ஓடவில்லை. ஓஎஸ் தனி டிஸ்க்கில் இருந்ததால் அது பிழைத்தது. சர்வரின் நிர்வாகக் கணக்கான ரூட்டின் உள்ளூர் மெயில்பெட்டியைத் திறந்தேன். எண்ணூறுக்கும் மேல் மெயில், எல்லாவற்றிலும் ஒரே வரி: கடைசி ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு இலக்கு மாறிவிட்டது, வாங்க முடியாது. 9 நாளுக்கு முன்னால் அவர்களுடைய இன்ஜினியர் கிடங்கு சர்வரில் ஃபோல்டர்களைத் திறந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். பார்த்ததாலேயே ‘கடைசியாகத் திறந்த நேரம்’ அந்தப் பக்கத்தில் எழுதப்பட்டு, அதன் பிறகு வந்த ஒவ்வொரு காப்பியும் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது. இலக்கை ரீட்-ஒன்லியாக வைத்திருந்தால் இது நடந்தே இருக்காது. அந்த மெயில் யார் கண்ணிலாவது படும்படியும் அவர்கள் செய்யவில்லை.

டெமோ அன்றைக்கே நான் பிடித்திருக்க வேண்டும். 200 ஜிபி பழைய ஃபைல்களை எட்டரை நிமிடத்தில் காப்பி செய்து காட்டினார்கள், நொடிக்கு சுமார் 400 எம்பி. 1 ஜிகாபிட் லைனில் நொடிக்கு 125 எம்பிக்கு மேல் போகவே போகாது. உண்மையான சிங்க் என்றால் 26 நிமிடத்துக்குக் குறைந்து முடிந்திருக்க முடியாது. சர்வரில் ரேம் 64 ஜிபி, 200 ஜிபியையும் அது தற்காலிகமாகத் தாங்கிக்கொண்டது என்றும் சொல்ல முடியாது.

கேட்டதற்கு, “அதுவும் சிங்க்தான் சார், 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை சிங்க் ஆகும்” என்றார்கள். டேட்டாவை மீட்பது ஏஎம்சியில் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) வராதாம்.

இப்போது அதே இரண்டு சர்வரிலும், புதிதாகக் கட்டிய பூல்களின் மேல் டிஆர்பிடி 9 போட்டிருக்கிறோம், ஒரு சர்வரில் எழுதுவதை லைன் வழியே இன்னொன்றிலும் எழுதும் கருவி அது. அதில் ப்ரோட்டோகால் சி முறை. இரண்டு பக்க டிஸ்க்கும் எழுதி முடித்த பிறகுதான் மென்பொருளுக்குப் பதில் போகும். லைன் அறுந்தால் இரண்டு பக்கமும் ‘நான்தான் பிரைமரி’ என்று தனித்தனியாக எழுதிக்கொண்டு போகாமல் இருக்க, டிஸ்க் இல்லாத சின்ன மெஷின் ஒன்று மூன்றாவது ஓட்டாக நிற்கிறது. முதல் நிறுவனம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அப்புறம், சிங்க் என்பது பேக்கப் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அந்தக் கணமே அழியும். பேக்கப் தனியாக வேண்டும்.

யாராவது உங்களுக்கு இதை விற்க வந்தால், பணம் கொடுக்கும் முன் கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்க வேண்டும். உண்மையான சிங்க் என்றால் எழுதுவது சில நொடியாவது தடுமாறும், நிலை ‘கனெக்டிங்’ என்று மாறும். எங்களுடையதில் பிடுங்கினால் ஒரு சலனமும் இருந்திருக்காது. இன்னொன்று, நொடிக்கு ஒரு வரி நேரத்தோடு எழுத விட்டு, ஒவ்வொரு வரியையும் டிஸ்க்குக்கே தள்ளச் சொல்லி, முதல் சர்வரின் பவரை அப்படியே நிறுத்துங்கள். ‘எழுதியாயிற்று’ என்று பதில் வந்த கடைசி வரி அந்தப் பக்கம் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். எவ்வளவு தூரமானாலும் வேகம் குறையாது என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஃபைபரில் ஒளிக்கு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோசெகண்ட் ஆகும். எங்கள் 4 கிலோமீட்டருக்கு அது ஒன்றுமே இல்லை. 400 கிலோமீட்டர் என்றால் போய்வர மட்டும் 4 மில்லிசெகண்ட், ஒவ்வொரு முறை எழுதும்போதும்.

டெஸ்பாட்ச் கணக்கை இரண்டு பேர் எடைச் சீட்டுக் கட்டுகளை வைத்துக்கொண்டு 6 நாள் உட்கார்ந்து திரும்ப ஏற்றினார்கள். தரச் சோதனைக் கூடத்து அளவுகள் மெஷினிலிருந்து நேராக சர்வருக்கு வந்தவை, காகிதத்தில் இல்லை. அவை போனது போனதுதான். பணத்தைத் திரும்பக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.