கோத்தகிரியில் நாலு வருஷமாக ஸ்வாஷ்: என் அனுபவம்

கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு கரையோர அலைக்குக் கணக்குப் போடுவதுதான் நாலு வருஷமாக என் பிழைப்பு. "கடலை அளக்குறீங்களா, கடலை வறுக்குறீங்களா தம்பி?" என்று டீக்கடை அண்ணன் கேட்காத வாரமில்லை. கணக்குப் போடுவது ஸ்வாஷ் மென்பொருளில். டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம்.

பட்டன், படம் எதுவும் கிடையாது. ஓர் உரைக்கோப்பில் கட்டளைகளை எழுதி ஓட்ட வேண்டும். அது பழகிவிடும். நான் கவிழ்ந்தது ஆழத்தில். இதில் கீழே போனால்தான் கூட்டல்: 5 மீட்டர் ஆழம் என்றால் 5, தண்ணீருக்கு மேல் நிற்கும் மணல்மேடு என்றால் கழித்தல். சர்வேயில் மேலே போனால்தான் கூட்டல். அதை அப்படியே கொடுத்தேன். கரை கடலாகி, கடல் மலையாகிவிட்டது. எங்கள் ஊருக்குப் பொருத்தமான தப்புதான்.

அன்றிலிருந்து, விடை தெரிந்த ஒரு சின்னக் கணக்கை ஓட்டிப் பார்க்காமல் நிஜக் கரையைத் தொடுவதில்லை. முதல் சோதனை வீட்டு முற்றத்தில். 3 மீட்டர் நீளப் பலகைத் தொட்டி, உள்ளே தார்ப்பாய், 10 செ.மீ. தண்ணீர். ஒரு முனையைத் தூக்கி இறக்கினால் தண்ணீர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆடும். ஆழமற்ற நீரில் அலையின் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். இங்கே நொடிக்கு 0.99 மீட்டர், போய்த் திரும்ப 6.06 நொடி. பத்து ஆட்டத்துக்கு என் ஸ்டாப்வாட்ச் 61 காட்டியது, ஸ்வாஷும் அதை ஒட்டியே சொன்னது. (தொட்டியில் இப்போது பக்கத்து வீட்டு அக்கா கேரட் கழுவுகிறார்.)

ஆனால் தொட்டி சுலபம். பெஜி, பாட்யெஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்ட சோதனைதான் கறாரானது: 40 செ.மீ. நீருக்குள் ஒரு மேடு, உச்சியில் 10 செ.மீ. ஆழம். நீண்ட அலை ஏறும்போது செங்குத்தாகி, இறங்கும்போது குட்டி அலைகளாகப் பிரியும். குட்டி அலைக்கு அந்த வர்க்கமூலம் செல்லாது. ஒவ்வொன்றும் தன் வேகத்தில் போகும். ஸ்வாஷில் மேலிருந்து அடிவரை நீரை ஒரே அடுக்காக வைத்தபோது மேட்டுக்கு முன்னால் எல்லாம் பொருந்தியது, பின்னால் முகடுகள் இடம் மாறின. இரண்டு அடுக்கு வைத்ததும் சரி. ஓடும் நேரம் கூடும், கூடட்டும்.

ஆடிக் காற்றில் கிளை முறிந்தால் இங்கே கரண்ட் போகும். ஒன்பது மணி நேரம் ஓடிய கணக்கு ஒருமுறை அப்படியே போனது. நடுநடுவே சேமிக்கச் சொல்லாதது என் தப்பு.

அப்புறம், நீண்ட கடற்கரைக்குப் பல நாள் அலை வேண்டுமென்றால் ஸ்வாஷ் வேண்டாம். அதே பல்கலைக்கழகத்தின் ஸ்வான் போதும். அது ஒவ்வோர் அலையாகப் பார்க்காது, ஆற்றல் பரவலை மட்டும் கணக்கிடும். நான் 8 மீட்டர் ஆழம் வரை ஸ்வானில் வந்து, மிச்சத்தை ஸ்வாஷிடம் விடுகிறேன்.