வைரப் பட்டடைக் கலத்தின் மாதிரி: எடுக்கலாம், கூட வரும் தாளை நம்ப வேண்டாம்

இரண்டு வைர முனைகளுக்கிடையில் ஒரு பொருளை நெருக்கி மிகப் பெரிய அமுக்கத்தை உண்டாக்கும் கருவிதான் வைரப் பட்டடைக் கலம். மட்டக்களப்பு நகரில் ஆய்வுகூடப் பொருட்கள் விற்கும் கடையொன்று அதன் மாதிரிப் பெட்டியை உயர்தரப் பௌதிகவியல் வகுப்புகளுக்கு வாடகைக்குக் கொடுக்கிறது. கூம்பு முனையுள்ள இரண்டு உருக்குத் துண்டுகள், அவற்றை நெருக்க நான்கு மரையாணிகள், அலன் சாவி, நடுவில் வைக்கச் செப்புத் தகடுகள், செயற்கை மாணிக்கத் துண்டு ஒன்று, பச்சை லேசர். வியாழன் கோளின் உள்ளமுக்கத்தை மேசையில் விளங்கவைப்பதுதான் நோக்கம்.

அதில் பாதியை நன்றாகவே செய்கிறது. உண்மைக் கலத்தில் வைர முனையின் விட்டம் 0.3 மில்லிமீற்றர் என்றால், 100 கிகாபஸ்காலுக்கு ஏறக்குறைய 7,070 நியூற்றன் போதும். ஓர் அல்ட்டோ காரின் பாரம்தான். மாதிரியின் முனை 3 மில்லிமீற்றர். அதே விசை இங்கே 1 கிகாபஸ்காலைத்தான் தரும். விட்டம் பத்து மடங்கானால் அமுக்கம் நூறில் ஒன்றாகும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கணக்கிட்டுப் பிடித்துவிடுவார்கள்.

தகட்டை முதலில் துளையில்லாமல் அமுக்கிக் குழியாக்குங்கள். பிறகு குழியின் நட்டநடுவில், முனை விட்டத்தின் மூன்றிலொரு பங்குக்குத் துளையுங்கள். அமுக்கவேண்டிய பொருள் இருக்கும் இடம் அந்தத் துளைதான். நடு தவறினால் துளை ஒரு பக்கம் வழுகிப்போகும். தகடு தடிப்பென்றால் துளை விரிந்துகொண்டே போகும். உண்மைக் கலத்தில் ரீனியம் என்ற உலோகத் தகட்டோடு வேலை செய்கிறவர்களுக்கும் இதே தலையிடிதான். ஆணிகளைக் குறுக்குக் குறுக்காக, ஒரு தடவைக்குக் கால் சுற்று. உண்மைக் கலங்கள் பலவற்றில் இரண்டு ஆணிகள் இடமரை, அதாவது இடப்பக்கம் திருப்பினால் இறுகுபவை. முறுக்கு ஒன்றையொன்று சமன்செய்யும். இதில் நான்கும் வலமரை. செய்தவர் சிக்கனம் பிடித்த இடம் இது.

மாணிக்கம் பச்சை லேசரில் 694 நனோமீற்றர் சிவப்பில் ஒளிரும். இரத்தினபுரிக் கல்லென்று யாரும் ஆசைப்பட வேண்டாம். உண்மைக் கலத்தில் அந்த ஒளியின் அலைநீளம் கிகாபஸ்காலுக்குச் சுமார் 0.36 நனோமீற்றர் நகர்வதை வைத்தே அமுக்கத்தை வாசிப்பார்கள். உருக்கு ஒளியை விடாததால் இங்கே கல்லை வெளியே வைத்துத்தான் காட்டலாம். லேசரைக் கண்ணுக்கு நேரே பிடிக்க விடாதீர்கள்.

குறை, கூட வரும் தாளில். 'வியாழனின் உலோக ஐதரசன் 2017இல் வைரக் கலத்தில் உருவாக்கப்பட்டது' என்று முடிந்த கதையாக எழுதியிருக்கிறது. பேரமுக்கத்தில் உலோகம்போல் மின்கடத்தும் ஐதரசனைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஹாவர்டில் 495 கிகாபஸ்காலில் செய்ததாகச் சொன்ன அந்த முடிவு இன்றும் சர்ச்சைக்குரியது. அதுவும் கடுங்குளிரில் திண்மமாக. வியாழனில் இருப்பதோ கொதிக்கும் பாய்மம். மையத்தில் சுமார் 4,000 கிகாபஸ்காலும் 20,000 கெல்வினும். தாளில் வெப்பநிலை என்ற சொல்லே இல்லை. 1996இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் வாயுத் துப்பாக்கியால் அதிர்வலை செலுத்தி, 140 கிகாபஸ்காலிலும் சுமார் 3,000 கெல்வினிலும் பாய்ம ஐதரசன் உலோகம்போல் மின்கடத்தியதைக் காட்டினார்கள். வியாழனுக்குக் கிட்ட நிற்பது அதுதான். ஐதரசன் வைரத்துக்குள் ஊடுருவி அதை நொறுக்கும், அதற்காக அலுமினா (அலுமினிய ஒட்சைட்டு) பூச்சுப் பூசுவார்கள் என்பதையும் ஆசிரியர்தான் சொல்லவேண்டும்.

வாவிக்கரை உப்புக்காற்றில் ஆணிகள் துருப்பிடித்து இறுகும். முதலில் எண்ணெய் விடுங்கள். தகடுகளை எண்ணி வாங்குங்கள், ஒருமுறை அமுங்கியது மறுபடி உதவாது.