அறியப்படாத ஈக்களைப் பதிவுசெய்தல்: படமா, மாதிரியா, வளர்ப்பா?

மலர் ஈக்களையும் கொசுக்களையும் கடந்து, அதிகம் கவனிக்கப்படாத ஈக் குடும்பங்களின் பக்கம் வருகிறவர், எந்தக் குடும்பத்தை எடுப்பது என்று யோசிக்கும் முன், எவ்வகைச் சான்றைச் சேர்க்கப் போகிறார் என்பதைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது. பெயரிடப்பட்ட ஈ இனங்களே 1,50,000-ஐத் தாண்டும் நிலையில், பின்னால் ஒருவர் சரிபார்க்க முடியாத பதிவால் பயன் மிகக் குறைவு.

ஒளிப்படம் எடுப்பது எளிய வழி. பூச்சியைக் கொல்ல வேண்டியதில்லை. அதன் நடத்தையும் பதிவாகிறது. எறும்பை ஒத்த உடலுடன் சாணத்தின் மேல் இறக்கைகளை அசைத்து நடக்கும் செப்சிடே குடும்பத்து ஈக்களின் அந்த அசைவை, ஊசியில் குத்திய மாதிரி ஒருபோதும் காட்டாது. ஆனால் பலரும் முதுகுப்புறத்தை மட்டும் படமெடுத்து நிறுத்திவிடுகிறார்கள். இறக்கை நரம்புகள், முகம், பக்கவாட்டு முட்கள் ஆகியவையும் தெளிவாகத் தெரிந்தால்தான் குடும்பத்தையாவது உறுதியாகச் சொல்லலாம். ஃபோரிடே குடும்பம் போன்ற நுண்ணிய ஈக்களில் பெரும்பாலானவற்றை இனம் வரை அறிய எத்தனை படங்கள் இருந்தாலும் போதாது.

அங்கேதான் மாதிரி சேகரிப்பு தவிர்க்க முடியாததாகிறது. பல குடும்பங்களில் ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் தெளிவாக்கி, நுண்ணோக்கியில் பார்த்த பிறகே இனத்தின் பெயரைச் சொல்ல முடியும். எத்தனாலில் இட்டால் உள்ளுறுப்புகள் கெடாமல் இருக்கும். ஆனால் உடலின் மேலுள்ள மெல்லிய தூள்பூச்சும் நிறமும் மங்கும். உலர்த்தி ஊசியில் குத்தினால் முட்களும் தூள்பூச்சும் நன்கு தெரியும். இடமும் நாளும் எழுதிய சீட்டு இல்லாத மாதிரியை வைத்திருப்பதில் பொருளே இல்லை. ஸ்வீடன் நாட்டுப் பூச்சியியலாளர் ரெனே மலேஸ் 1937-இல் விவரித்த, பறக்கும் பூச்சிகளைப் பிடிக்கும் கூடாரப் பொறி ஈக்களை ஏராளமாகத் தரும். அத்தனையையும் பிரித்து அடையாளம் காணும் திறன் வருமுன் தொடக்கநிலையாளர் அதை நாட வேண்டாம்.

மூன்றாவது வழியான வளர்ப்பையே நான் மிகவும் மதிக்கிறேன். அக்ரோமைசிடே குடும்பத்து இலைத்துளைப்பான் ஈயின் புழு உள்ளே குடைந்து வாழும் இலையைக் கொண்டுவந்து ஈரம் மிகாத குப்பியில் வைத்தால், தாவரம், துளையின் வடிவம், கூட்டுப்புழு, முதிர்ந்த ஈ ஆகிய நான்கும் ஒன்றோடொன்று இணைந்த ஒரே சான்றாகக் கிடைக்கின்றன. தாவரத்தின் பெயர் தெரிந்தாலே, சாத்தியமான இனங்களின் பட்டியல் பெரிதும் சுருங்கிவிடும். பூஞ்சை பிடிப்பதும் இலை காய்வதும் இவ்வழியின் இடர்கள். ஈக்குப் பதில் ஒட்டுண்ணிக் குளவி வெளிவருவதும் உண்டு. அதை எறியாமல், அந்த வளர்ப்புக்குக் கொடுத்த அதே பதிவு எண்ணில் சேர்த்து வைக்க வேண்டும், ஏனெனில் அதுவும் ஓர் அரிய பதிவு. வெளிவந்த ஈயை உடனே கொன்றால் உடல் சுருங்கிவிடும். இறக்கையும் தோலும் இறுகும் வரை ஒரு நாளாவது காத்திருப்பது அவசியம்.

இம்மூன்றும் ஒருசேரப் பயன்படும் குடும்பம் எது என்று கேட்டால், பழ ஈக்களின் குடும்பமான டெஃப்ரிடிடேயில், சூரியகாந்திக் குடும்பத் தாவரங்களின் மலர்த்தலைகளுக்குள் வளரும் ஈக்களையே சொல்வேன். அவற்றின் இறக்கைக் கோலம் பல இனங்களைப் படத்திலேயே பிரித்துக் காட்டுகிறது. ஐயம் எழுமிடத்தில் மாதிரி உதவுகிறது. முற்றிய மலர்த்தலைகளைத் துணியால் மூடிய குப்பியில் இட்டு வைத்தால், ஈக்கள் தாமே வெளிவருகின்றன.