விண்ணப்பத்தை அடுத்தவரிடம் நிரப்பக் கொடுத்தவர்கள் ஒருமுறை திறந்து பாருங்கள்

கைக்கு வந்த வேலை ஒன்று போன வாரம் என்னை விட்டுப் போய்விட்டது. நேர்காணலில் தேர்வாகி, சான்றிதழ் சரிபார்ப்பு வரை போன பிறகு திருப்பி அனுப்பிவிட்டார்கள். விண்ணப்பத்தில் இருந்த விவரங்கள் என் சான்றிதழ்களோடு ஒத்துப்போகவில்லை. அந்த விண்ணப்பத்தை நான் நிரப்பவில்லை. விண்ணப்பம் போட்டுத் தருவதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவரிடம் பணம் கொடுத்து நிரப்பச் சொன்னேன். பெயர் வேண்டாம். இதே வேலையை இதே லட்சணத்தில் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கடைசித் தேதிக்கு முந்தைய நாள், சரியான கூட்டம். சான்றிதழ்களை ஸ்கேன் எடுத்துக்கொண்டு, “நீங்க கிளம்புங்க, முடிச்சிட்டு மெசேஜ் போடுறேன்” என்றார். மாலையில் விண்ணப்ப எண்ணை மட்டும் படம் பிடித்து அனுப்பினார். நிரப்பிய படிவத்தைக் காட்டவே இல்லை. நானும் கேட்கவில்லை.

சரிபார்ப்பு நாளன்று அதிகாரி கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். என் விண்ணப்பத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

நான் பிறந்தது நவம்பர் 5. படிவத்தில் மே 11 என்று இருந்தது. அந்தக் கட்டத்துக்குள் மங்கலான எழுத்தில் மாதம், நாள், ஆண்டு என்று வரிசை கொடுத்திருக்கிறார்கள். நிரப்பிக் கொடுத்தவர் பழக்கதோஷத்தில் நாளை முதலில் வைத்து 05/11 என்று தட்டிவிட்டார். 12-ஆம் தேதிக்கு மேல் பிறந்திருந்தால் அப்படி ஒரு மாதமே கிடையாது என்று படிவமே தடுத்திருக்கும். 12-க்குள் பிறந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை, தப்பான தேதி சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். ஆண்டு, மாதம், நாள் என்று எழுதும் ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேச முறை 1988-லேயே வந்துவிட்டது. இன்னும் எத்தனையோ படிவங்கள் ஆளுக்கொரு வரிசையில்தான் கேட்கின்றன. கட்டத்துக்குள் இருக்கும் அந்த மங்கலான எழுத்தைப் படித்துவிட்டுத் தட்டுங்கள்.

தேதியையாவது கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். அடுத்துப் பார்த்ததுதான் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. முந்தைய வேலையை விட்டபின் ஏழு மாதம் நான் வீட்டில் இருந்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கூட இருந்து பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அந்த ஏழு மாதத்தையும் அவர் படிவத்திலிருந்து அழித்துவிட்டார். பழைய நிறுவனத்தில் நான் விலகிய தேதியைத் தள்ளிப்போட்டு, இடைவெளியே இல்லாதது போல் காட்டியிருந்தார். சரிபார்ப்பவர்கள் அந்த நிறுவனத்தையே கேட்டிருக்கிறார்கள். சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் கேட்பது வழக்கம்தானே! அங்கிருந்து வந்த பதில் வேறு, படிவத்தில் இருந்தது வேறு.

‘விலகிய காரணம்’ என்ற கட்டத்தில் ஒரு புள்ளி இருந்தது. வெறும் புள்ளி. காலியாக விட்டால் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை போலிருக்கிறது, ஒரு புள்ளியைத் தட்டி ஏமாற்றியிருக்கிறார். ‘குடும்பத்தில் ஒருவரின் உடல்நலனைக் கவனிக்க வேண்டியிருந்தது’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அது உண்மை, எந்த அதிகாரி கேட்டாலும் நிமிர்ந்து சொல்லியிருப்பேன்.

கடைசியில் ‘மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதி அளிக்கிறேன்’ என்ற வரிக்குப் பக்கத்தில் டிக், அதன் கீழே என் பெயர். “யார் நிரப்பினாலும் உறுதிமொழி கொடுத்தது நீங்கள்தானே” என்றார் அதிகாரி. பதில் சொல்ல வாய் வரவில்லை.

நேரே அந்த ஆளிடம் போனேன். “எல்லாருக்கும் இப்படித்தான் போடுறோம். கேப் இருந்தா கூப்பிடவே மாட்டாங்க” என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரில் பொய் எழுதுவது அவருக்கு ஒரு சேவையாகத் தெரிகிறது. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார். பணத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இவரைப் பற்றி எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். நேர்காணல் அழைப்பே எனக்கு வரவில்லை. படிவத்தில் அவருடைய மின்னஞ்சலையும் செல்பேசி எண்ணையும் கொடுத்திருந்தார், ஓ.டி.பி. வருவதற்கு அதுதான் வசதியாம். நூற்றுக்கணக்கானவர்களின் கடிதங்கள் குவியும் ஒரே பெட்டியில் என் அழைப்பும் கிடந்திருக்கிறது. நானாக நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டதால் முதல் நாள் இரவு தேதி தெரிந்தது. அப்போதே முழுப் படிவத்தையும் கேட்டு வாங்கியிருக்கலாம்.

வேறொருவர் கையால் நிரப்ப வேண்டிய நிலைமை பலருக்கு இருக்கிறது. கணினி பழக்கம் இருக்காது, படிவத்தின் மொழி புரியாது. சரி, கொடுங்கள். ஆனால் பக்கத்திலேயே உட்காருங்கள். மின்னஞ்சல், செல்பேசி எண், கடவுச்சொல் மூன்றும் உங்களுடையதாகவே இருக்கட்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதிகளை முன்பே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பெயரைச் சான்றிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சமர்ப்பிக்கும் முன் வரும் முன்னோட்டப் பக்கத்தை நீங்களே மேலிருந்து கீழ்வரை படியுங்கள், உறுதிமொழிக்கான டிக்கையும் நீங்களே போடுங்கள். ‘சேமி’ என்பது வேறு, ‘சமர்ப்பி’ என்பது வேறு. பாதியில் சேமித்துவிட்டு முடிந்தது என்று சொல்பவர்களும் உண்டு. அப்புறம் நிரப்பிய படிவத்தின் நகல் கைக்கு வராமல் எழுந்து வராதீர்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் இன்றைக்கே கணக்கைத் திறந்து பாருங்கள். தப்பு இருந்தால், அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள். என்னைத் திருப்பி அனுப்பிய அதிகாரி, நான் எழுந்த பிறகு சொன்னது இது: “சரிபார்ப்புக்கு முன்னாடி ஒரு மெயில் போட்டிருந்தீங்கன்னா, திருத்திட்டுப் போயிருப்போம்.”