கார் பேட்டரியில் இயங்கும் ஸ்பாட் வெல்டிங் பலகை: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் செல்களை இணைத்துச் சொந்தமாகப் பேட்டரித் தொகுப்பு செய்ய விரும்புகிறவர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, நிக்கல் பட்டையைச் செல்லின் மேல் எப்படி ஒட்டுவது என்பதுதான். சாலிடர் வைத்தால் சூடு பல நொடிகள் செல்லுக்குள் இறங்குகிறது. உள்ளிருக்கும் பாலிஎத்திலீன் பிரிப்புத்தாள் 130 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகத் தொடங்கும் என்பதால் அது நல்ல வழி அன்று. பெரும் மின்னோட்டத்தைப் பாய்ச்சி, பட்டையைப் புள்ளி புள்ளியாக உருக்கி ஒட்டி, சில மில்லி நொடிகளில் வேலையை முடித்துவிடும் ஸ்பாட் வெல்டிங்கே ஏற்றது. ஆனால் ஆயத்தமாகக் கிடைக்கும் கருவிகளின் விலை, ஓரிரு தொகுப்புகள் செய்பவருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் மலிவான கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றை வாங்கி, பழைய கார் பேட்டரியுடன் இணைத்து நானே ஒரு கருவியை அமைத்துக்கொண்டேன். இந்த மதிப்புரை அந்தப் பலகையைப் பற்றியது.

பலகையுடன் செப்பு முனை பொருத்திய இரண்டு பேனாக்களும், கால் மிதி சுவிட்ச் ஒன்றும், இணைப்புக் கம்பிகளும் வந்தன. மிதியை அழுத்தினால் இரண்டு துடிப்புகள் பாய்கின்றன. சிறிய முதல் துடிப்பு பட்டையைச் செல்லின் மேல் நன்றாகப் படிய வைக்கிறது. அடுத்து வரும் நீண்ட துடிப்பு உருக்கி ஒட்டுகிறது. இரண்டின் கால அளவையும் இடைவெளியையும் சிறு திரையில் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். இந்தப் பகுதியில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

குறை, உடன் வந்த கம்பிகளில் இருக்கிறது. இந்தப் பலகை உண்மையில் ஒரு சுவிட்ச் மட்டுமே. வேலையைச் செய்வது மின்னோட்டம். பேட்டரியின் உள்தடை, கம்பிகள், இணைப்புகள், முனைகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் சுற்றின் மொத்தத் தடை ஏறத்தாழ 17 மில்லி ஓம்தான் வரும். 6 சதுர மி.மீ. செப்புக் கம்பியில் ஒரு மீட்டருக்கு 2.8 மில்லி ஓம் தடை உண்டு. 16 சதுர மி.மீ. கம்பியில் அது 1 மில்லி ஓமைச் சற்றே தாண்டும். போக வர மொத்தம் இரண்டு மீட்டர் கம்பியை மாற்றினால் மூன்றரை மில்லி ஓம் குறைகிறது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்த மாற்றத்தால் மின்னோட்டம் கால் பங்கு உயர்கிறது. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் இருப்பதால், அது ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறது. உடன் வந்த மெல்லிய கம்பியுடன் 0.15 மி.மீ. நிக்கல் பட்டை, நகத்தால் நெம்பினாலே பெயர்ந்து வந்தது. கம்பியை மாற்றி, முதலைக் கவ்விகளை எடுத்துவிட்டு, கம்பி முனைகளில் லக்குகளை (போல்ட் மாட்டும் துளையுள்ள உலோக முனைகளை) இறுக்கி அழுத்தி, பேட்டரி முனையில் போல்ட் வைத்து முடுக்கிய பிறகு, அதே கால அளவில் வைத்த பட்டையை இடுக்கியால் பிடித்து இழுத்தபோது பட்டை கிழிந்தது. ஒட்டிய புள்ளிகள் செல்லின் மேலேயே தங்கின. நல்ல பற்றவைப்புக்கு நான் நம்பும் சோதனை இது ஒன்றுதான். புதிய அமைப்பில் ஒவ்வொரு முறையும் ஒரு பழைய செல்லில் இதைச் செய்து பார்க்காமல் நல்ல செல்லைத் தொடக்கூடாது.

பட்டை வாங்கும்போதும் கவனம் வேண்டும். நிக்கல் பூசிய எஃகுப் பட்டையைத் தூய நிக்கல் என்று விற்பதுண்டு. எஃகின் தடை கூடுதல் என்பதால் அது எளிதில் ஒட்டிவிடுகிறது. பலகை அருமையாக வேலை செய்வதாக நாமும் ஏமாந்துவிடுகிறோம். ஒரு துண்டைச் சுரண்டி உப்பு நீரில் போட்டு வைத்தால் துரு உண்மையைச் சொல்லிவிடும்.

இனி, நான் மன்னிக்க முடியாத குறை. மூன்றாவது மாதத்தில் ஒருநாள் மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் மின்னோட்டம் நிற்கவில்லை. பட்டை சிவந்து பொறி பறந்தது; பேனாக்களை உடனே தூக்கிவிட்டதால் ஒரு செல் மட்டும் வீணானது. பிரித்துப் பார்த்தபோது, மின்னோட்டத்தைத் திறந்து நிறுத்தும் மின்னணு சுவிட்சுகளான மாஸ்ஃபெட்களில் ஒன்று குறுக்கிணைப்பாகிப் போயிருந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. வெல்டிங் நடக்கும் அந்தக் கணத்தில் பேட்டரியின் மின்னழுத்தம் வெகுவாகச் சரிகிறது. மாஸ்ஃபெட்டின் கேட் எனும் கட்டுப்பாட்டு முனைக்கும் அதே பேட்டரியிலிருந்தே மின்சாரம் வருவதால், அது முழுதாகத் திறக்காமல் பாதியில் நின்று தானே சூடேறுகிறது. கேட் பகுதிக்கு ஒரு டயோடும் ஒரு மின்தேக்கியும் வைத்திருந்தால் இந்தச் சரிவைத் தாண்டிவிடலாம். அற்ப விலையுள்ள அந்த இரண்டு பாகங்களைத் தயாரிப்பாளர் விட்டுவிட்டார். இரண்டாவது பலகையில் அவற்றை நானே சேர்த்தேன். பேட்டரியின் நேர்முனையை ஒட்டி ஒரு ஃபியூஸும், கை எட்டும் தூரத்தில் ஒரு துண்டிப்பு சுவிட்சும் வைத்தேன். மாஸ்ஃபெட் கெட்டால் பெரும்பாலும் மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருக்கும் நிலையிலேயே கெடும் என்பதால், இந்தச் சுவிட்ச் இல்லாமல் இக்கருவியை யாரும் இயக்க வேண்டாம். கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். செல்லின் நேர்முனையைச் சுற்றியிருக்கும் விளிம்பு எதிர்முனையைச் சேர்ந்தது. ஆகவே அங்கே காப்பு வளையம் ஒட்டிய பிறகே பட்டையை வைக்க வேண்டும்.

இதைவிட மலிவாக, பழைய மைக்ரோவேவ் அடுப்பின் மின்மாற்றியைக் கொண்டு செய்யலாம் என்று பலர் சொல்வார்கள். அதன் இரண்டாம் சுருளை வெட்டி எடுத்துவிட்டு, தடித்த கம்பியை ஓரிரு சுற்றுகள் சுற்றுவது அந்த முறை. ஆனால் வெட்டி எடுக்கும் அந்த இரண்டாம் சுருள் 2,000 வோல்ட் அளவில் தருவது. அடுப்பின் மின்தேக்கி, இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். சேமிக்கும் பணத்துக்கு அந்த ஆபத்து ஈடாகாது. 12 வோல்ட் பேட்டரியில் தீ குறித்த அச்சம் உண்டு, ஆனால் தொட்டவுடன் கொல்லும் மின்னழுத்தம் இல்லை.

திருத்திய வடிவில் இந்தப் பலகை மூன்று மாதங்களாகச் சரியாக இயங்குகிறது. சாலிடர் பிடிக்கத் தெரிந்து, தொடர்ந்து தொகுப்புகள் செய்கிறவருக்கு மேற்சொன்ன மாற்றங்களுடன் இதைப் பரிந்துரைப்பேன். ஒரே ஒரு தொகுப்புதான் தேவை என்பவர், பட்டை ஏற்கெனவே ஒட்டி வரும் செல்களை வாங்கி, அந்தப் பட்டைகளின் நுனியில் சாலிடர் வைத்துக்கொள்ளலாம்.