விஷத்தோடு காதலிக்கப்படும் பெண்: ‘கேர்ள், சேர்ப்பன்ட், தோர்ன்’

சொரயாவின் தோலைத் தொட்டால் எந்த உயிரும் செத்துப்போகும். அரசனின் இரட்டைச் சகோதரி அவள், ஆனால் கையுறை போட்டுக்கொண்டு, அரண்மனைச் சுவர்களுக்குள் ஓடும் ரகசிய வழிகளில் ஒளிந்தே வளர்ந்தவள். அதே அரண்மனையின் சிறையில் பர்வானே என்றொரு பரீக் கிடக்கிறாள். பரீக் என்றால் பாரசீகக் கதைகளில் வரும் ஒரு வகைப் பேய்ப்பெண். சாபம் தீர அவளிடம் வழி இருக்கும் என்று சொரயா இறங்கிப் போகிறாள், அவளோ நேராக எதற்கும் பதில் சொல்கிற ஆள் இல்லை, ஒருத்தியை மற்றவள் துளியும் நம்பவில்லை. மெலிசா பாஷர்டூஸ்ட் எழுதி 2020இல் வந்த நாவல் இது. இளையோருக்கான குயர் ஃபேன்டசி, அதாவது ஒரே பாலினக் காதல் வரும் மாயக்கதை, என்று தேடினால் பட்டியல் நீளமாக வரும், அதில் எதை முதலில் எடுப்பது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கதையின் வேர் ஷாநாமா என்ற பாரசீகக் காப்பியத்தில் இருக்கிறது. தோளில் பாம்பு முளைத்த சஹாக் அரசனின் கதை தெரிந்தவர்களுக்கு வில்லன் எங்கிருந்து வந்தவன் என்று பிடிபடும். தெரியாவிட்டாலும் குறையில்லை, கடைசியில் ஆசிரியரே குறிப்பு எழுதியிருக்கிறார். எனக்கு நினைவுக்கு வந்தது முத்திராராட்சசம் என்ற சமஸ்கிருத நாடகத்தின் விஷகன்னி. சந்திரகுப்தனைக் கொல்ல அனுப்பப்பட்ட அந்தப் பெண் அங்கே வெறும் ஆயுதம், அவள் என்ன நினைத்தாள் என்று யாருக்கும் அக்கறையில்லை. இங்கே அப்படி ஒருத்திக்கு முன்னூறுக்கு மேற்பட்ட பக்கங்கள் கிடைத்திருக்கின்றன, அவளுடைய கோபத்துக்கும் பொறாமைக்கும் அவள் செய்யும் பெரிய பிழைக்கும் சேர்த்து.

இந்த வகைக் கதைகளில் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். காதல் வந்ததும் அந்தப் பெண்ணின் நகத்தையும் பல்லையும் பிடுங்கிவிடுகிறார்களா? பெரும்பாலும் பிடுங்கிவிடுவார்கள். முத்தம் கிடைக்கும், சாபம் போகும், அவள் எல்லோரையும் போல ஆகிவிடுவாள். நம்மிடமும் இது உண்டு. மதுரையை எரித்த கண்ணகியை நாம் கிழக்கிலங்கையின் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் வைகாசியில் அவள் கதையான வழக்குரை பாடி, கோபம் தணிக்கும் குளிர்த்திச் சடங்கு செய்து ஆற்றுகிறோம். அந்தப் பாட்டைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் மெய் சிலிர்க்கும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆறவே மாட்டேன் என்று நிற்கும் ஒருத்தியையும் எங்காவது வாசிக்க வேண்டும் என்று ஆசை இருந்தது. பழையனூர் நீலியைப் பேயாகவே விட்டு அவளை நேசிக்கிற ஒரு கதை போல. (முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் அடுத்த பந்திக்குப் போய்விடுங்கள்.) சொரயா கடைசியில் முள்ளோடுதான் நிற்கிறாள், அது அவளே தெரிந்து எடுத்த முடிவு, பக்கத்தில் பர்வானேயும் நிற்கிறாள். அந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

குறையும் இருக்கிறது. முதல் பாதியில் அசாத் என்ற இளைஞனுக்குப் போகும் பக்கங்கள் அதிகம், கதைக்கு அவன் தேவைதான், ஆனால் பர்வானேக்கு வரவேண்டிய நேரத்தை அவன் எடுத்துக்கொள்கிறான். எதிரிகளாகத் தொடங்கிக் காதலிக்கிற கதை என்றால் மோதல் நீள வேண்டும். எங்கள் ஊர்களின் கொம்புமுறி விளையாட்டில் இரண்டு கட்சிகளின் வடசேரிக் கொம்பும் தென்சேரிக் கொம்பும் ஒன்றையொன்று கொளுவிய பிறகுதானே இழுக்கவே முடியும், அந்த இழுவை இங்கே போதவில்லை. சண்டை சட்டென்று தணிந்து நம்பிக்கையாகிவிடுகிறது. கடைசிப் போரும் அவசரமாக முடிகிறது.

அந்த இழுவைதான் வேண்டும் என்றால் நீனா வரேலாவின் ‘க்ரையர்ஸ் வோர்’ இருக்கிறது, 2019இல் வந்தது. மனிதர்கள் செய்த ஆட்டோமாக்கள் மனிதர்களையே ஆளும் நாடு. க்ரையர் அங்கே ஆள்பவனின் மகள், செய்யப்பட்டவள். குடும்பத்தைக் கொன்றதற்குப் பழியாக அவளைக் கொல்ல வந்து, அவளுக்கே பணிப்பெண்ணாகிறாள் அய்லா. அத்தியாயங்கள் இருவர் பக்கமும் மாறி மாறிப் போவதால் ஒருத்தி மறைப்பது மற்றவள் பக்கத்தில் நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். காதலைப் பொறுத்தவரை இதுதான் மேல். பேய்த்தனத்தைப் பொறுத்தவரை சொரயாதான்.

அப்புறம் தமிழில் இதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். நீலி சமணத்துக்கு வந்து நீலகேசியாகி முதலில் வாதுக்கு இழுப்பது பௌத்தத் துறவியான குண்டலகேசியை, கள்வனான கணவனை மலையிலிருந்து தள்ளிக் கொன்ற அதே குண்டலகேசியை. இதை யாராவது இளையோர் நாவலாக எழுதினால் முதல் பிரதி எனக்கு.

மட்டக்களப்பில் நான் போகும் புத்தகக் கடைகளில் இந்த இரண்டும் கண்ணில் பட்டதில்லை. கொழும்பில் சொல்லி எடுப்பிக்கலாம், ஆனால் என் தெரிவு கிண்டில் பிரதி. வாங்கியதும் ஃபோனில் இருக்கும், பொதி வீட்டுக்கு வந்து அட்டையைப் பார்த்து யாரும் கேள்வி கேட்கவும் மாட்டார்கள். இது சின்ன விசயம் இல்லை. ஒரே பாலின உறவைக் குற்றமாக்கும், இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஏ பிரிவு 1995இல் திருத்தப்பட்டபோது பெண்களும் அதற்குள் வந்தார்கள், அந்தக் குற்றத்தை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னது, ஆனால் வீடுகளில் பயம் அப்படியேதான் இருக்கிறது. பதினாறு, பதினேழு வயதில் ஒளித்து வாசிக்க வேண்டியிருப்பவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலம் இரண்டிலும் கடினமில்லை, சாதாரண தரப் பரீட்சை (ஓ/எல்) வரை ஒழுங்காகப் படித்தவர்கள் அகராதி இல்லாமலே போகலாம், பாரசீகப் பெயர்கள் மட்டும் கொஞ்சம் பழக வேண்டும். சொரயாவின் கதை ஒரே புத்தகத்தில் முடிந்துவிடும். க்ரையருடையது முடியாது, ‘அயர்ன் ஹார்ட்’ என்ற இரண்டாம் பாகத்தையும் சேர்த்தே வாங்குங்கள், முதல் பாகம் நிற்கிற இடத்தில் நிற்க உங்களால் முடியாது.