துவக்கா, நாயா?

திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் வயலோரம் வீடு கட்டியிருக்கும் மச்சான், ராக்காவலுக்குத் துவக்கு (துப்பாக்கி) எடுக்கவா நாய் வளர்க்கவா என்று ஒரு மாதமாகக் குழம்புகிறான்.

செலவு: துவக்கு, தோட்டா, பூட்டி வைக்க இரும்புப் பெட்டி. நாய்க்குச் சோறும் மீன் தலையும்.

வருடா வருடம்: துவக்குக்கு லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டும், இலங்கையின் 1916ஆம் ஆண்டுத் துவக்குச் சட்டம் அப்படி. நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி.

ஆபத்து: இங்கேதான் விஷயம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் துவக்கை வெறுமையாக்கிப் பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் பூட்ட வேண்டும். நடுராத்திரி இருட்டில் இரண்டு சாவி தேடுவதற்குள் வந்த கள்ளன் போய்விடுவான். சுட்டாலும் தோட்டாவின் சன்னங்கள் பலகைக் கதவைத் துளைத்து அடுத்த அறைக்கும் போகும். நாயோ அவன் வேலியில் கை வைக்கும்போதே குரைக்கும்.

கள்ளனுக்கு நாயும் வாசல் பல்பும் போதும். காட்டுப்பன்றி நெல்லை உழுதுபோட்டால் அப்புறம் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போய் ஒற்றைக் குழல் துவக்குக்கு விண்ணப்பிக்கலாம்.